மூவர் சம்பாதிக்க, ஒருவர் வரைய

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் எண்ணெய் வண்ணம் தீட்டிப் பிழைப்பவரை ஊர் ஓர் ஆளாகத்தான் எண்ணுகிறது. கணக்குப் பார்த்தால் அவர் நான்கு பேர். வியாபாரி, பிரேம்காரர், டிராயிங் மாஸ்டர் ஆகிய மூவர் சம்பாதிக்கிறார்கள். நான்காமவரான ஓவியர், வேலைக்குப் போகாத மூத்த பிள்ளையைப் போல அந்த வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இதைப் பார்த்து அவருக்காக வருந்துகிறவர்கள் உண்டு. வருந்த வேண்டியதில்லை என்பது என் கட்சி.

முதலில் வியாபாரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலம்வரும் லட்சக்கணக்கானோர் அவர் வாசல் வழியே போகிறார்கள். எந்த ஓவியக் கூடத்துக்கும் இப்படிக் கூட்டம் வாய்க்காது. ஆனால் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பவர், நடுவழியில் மூன்றடிக் கான்வாஸை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள மாட்டார், மோர்தான் வாங்குவார். நின்று விலை கேட்பவருக்கோ மனக்குறை. ஊர் மலைக்கு மேற்கே இருப்பதால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் நிற்கும். மலை கருநீலத் திட்டாகத்தான் தெரியும். கண்டதைக் கண்டபடி தீட்டி வைத்தால், “மலை ஏன் சாமி கறுப்பா இருக்கு? உச்சியில தீபத்தக் காணோமே?” என்கிறார். கார்த்திகையில் மலையுச்சியில் ஏற்றும் மகாதீபம் 11 நாள் எரிவது. விற்கிற படத்தில் 365 நாளும் எரிந்தாக வேண்டும். ஓவியர் தூரிகையைக் கழுவப் போனதும் வியாபாரி வந்து உச்சியில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்கிறார். படம் விற்றுப்போகிறது.

பனிக்காலத்தில் வரும் வெளிநாட்டவர் வேறு ரகம். அவருக்குப் படம் வேண்டும், பிரேம் வேண்டாம். சுருட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும், நாளைக்கு விமானம். வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய்க்கு விமான நேரம் தெரியாது. அது தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாமலிருக்கவே பல நாள் ஆகும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அவசரமில்லை, அவருக்குப் பிரேம்தான் முக்கியம். தேக்குச் சட்டம் அடிக்கு இவ்வளவு என்றால் பேரம் பேசலாம். வானத்தின் நீலத்தை எந்த அளவுகோலால் அளப்பது? எண்ணெய் ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடி தேவையில்லை என்று சொன்னால், பூஜையறைப் படத்துக்கெல்லாம் இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறார். பிரேம்காரர் வாதாடுவதில்லை, கண்ணாடிக்கும் சேர்த்துப் பில் போடுகிறார்.

மாஸ்டரின் நிலைமை இன்னும் விசேஷம். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், எண்ணெய் வண்ண நுட்பத்தை இளம் ஓவியர் ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க மனமில்லாமல், தாம் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். நம் மாஸ்டர் எதையும் ஒளிப்பதில்லை. “அடிப்பூச்சுல எண்ணெய் கம்மி, மேல போகப்போக ஜாஸ்தி” என்று முதல் வகுப்பிலேயே போட்டு உடைத்துவிடுகிறார். அப்படியும் ரகசியம் பத்திரமாகவே இருக்கிறது. மாணவர் கேட்பது, “மாஸ்டர், ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?” என்பதைத்தான்.

அக்ரிலிக்குக்கு மாறிவிட்டால் இத்தனை தொல்லை ஏது என்று கேட்கலாம். அது சீக்கிரம் காயும்; குறையே அதுதான். பிற்பகல் வெயில் மேற்குப் பாறைகளில் விழுந்து நிறம் மாறிக்கொண்டே போகும்போது, நேற்று வைத்த நிறத்தோடு இன்றைய நிறத்தைக் குழைக்க ஈர எண்ணெய்தான் இடம் கொடுக்கும். வியாபாரியைக் கெடுக்கும் தாமதம்தான் ஓவியருக்கு ஆதாயம். பக்கத் தொழிலால் கலை கெடாதா என்பது அடுத்த மறுப்பு. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்துத் தம் தெய்வங்களை வீட்டுக்கு வீடு விற்றார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டே நிலம் வாங்கினார்கள். அதனால் இவர்கள் எவரும் ஓவியர் இல்லாமல் போய்விடவில்லை. தீபத்தை வியாபாரி வைக்கிறவரை கவலையில்லை. யாரும் கேட்காமலே ஓவியர் தாமாக வைக்கத் தொடங்கினால், மற்ற மூவரும் யாருக்காகச் சம்பாதிக்கிறோம் என்று கேட்கலாம். அதுவரை மறுப்பு செல்லாது.