ரிப்பன் வெட்ட முடியாத பாட்டில்

கோட்டா நகரம், ராஜஸ்தான். 2019 டிசம்பர் மாதத்தில் மட்டும் அங்குள்ள ஜே.கே. லோன் அரசு மருத்துவமனையில் சுமார் நூறு குழந்தைகள் இறந்தன. ஜனவரி 3 அன்று சுகாதார அமைச்சர் பார்வையிட வந்தார். நிர்வாகம் உடனே விழித்துக்கொண்டது. பச்சைக் கம்பளம் விரித்தது. ஊர் காறித் துப்பிய பிறகு அதைச் சுருட்டி எடுத்தது.

அதற்குச் சில நாள் முன்புதான் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அங்கே போய்ப் பார்த்திருந்தது. வளாகத்தில் பன்றிகள் திரிகின்றன, சன்னல்களில் கண்ணாடி இல்லை என்று சொல்லியிருந்தது. பன்றிகள் கம்பளம் கேட்கவில்லை. அந்தளவில் அவை நாகரிகமானவை.

எல்லாச் சாவுக்கும் கிருமி காரணமில்லைதான். ஆனால் கிருமியின் பங்கு சின்னதும் இல்லை. டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சையில் சேர்ந்த 13,530 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஏழில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் நச்சுத்தொற்று. முதலிடத்தில் அசினெட்டோபாக்டர், அடுத்தது கிளெப்சியெல்லா. பெரும்பாலானவை பல மருந்துகளுக்கு அடங்காதவை. மருத்துவமனையிலேயே வளர்ந்து, அங்கேயே பாடம் படித்துத் தேறிய கிருமிகள்.

இவை சிறகு முளைத்துப் பறந்து வருவதில்லை. கையில் வருகின்றன. ஒரு குழந்தையைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்த குழந்தையைத் தொடுகிறது. அவ்வளவுதான் ரகசியம். எப்போதெல்லாம் கை சுத்தம் செய்ய வேண்டும் என்று ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நாமும் அதை அழகாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். சுவரொட்டிக்குக் கீழே குழாய் இருக்கும். குழாயில் காற்று வரும்.

காரணம் எளிது. வென்டிலேட்டரைத் திறந்து வைக்கலாம். குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். கைகழுவும் பாட்டிலுக்கு எந்த மந்திரி ரிப்பன் வெட்டுவார்? கல்வெட்டு வைக்க முடியாத எந்தப் பொருளும் நம் நாட்டில் அவசரத் தேவை ஆவதில்லை.

தொற்று பரவினால் பழி மட்டும் தாமதமின்றி வந்துவிடும். நேராக நர்ஸ் தலையில். தீவிர சிகிச்சையில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைக்கு ஒரு நர்ஸ் வேண்டும். பத்துக் குழந்தையை ஒருவரிடம் விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றையும் ஆறு முறை தொட வேண்டும் என்று வையுங்கள். தொடும் முன் கையைச் சுத்தம் செய்வது ஒன்று, தொட்ட பின் ஒன்று. 120 முறை, தலா அரை நிமிடம். பணி நேரத்தில் முழுதாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னோர் ஆளைப் போடாமல், கையைத் துடைக்கவில்லை என்று மெமோ கொடுப்பதற்குப் பெயர் நிர்வாகம். தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2015-ல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நர்ஸ்களை எடுத்து, நிரந்தரம் கேட்டவர்களைத் தெருவில் உட்கார வைத்தது நாம்தான்.

பெரிய டாக்டர்களுக்கு மெமோ வராது. நர்ஸ்களைவிட டாக்டர்களே குறைவாகக் கை கழுவுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பழைய கௌரவம் அது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொல்லித் தாய்மார் சாவைக் குறைத்தார். கனவான்களின் கை அழுக்கா என்று சக மருத்துவர்கள் கொதித்தார்கள். 1865-ல் அவர் மனநலக் காப்பகத்தில் செத்தார். கௌரவம் இன்னும் நலமாக இருக்கிறது.

ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்; அப்படி ஆயிரம் நோயாளி நாளுக்கு எத்தனை லிட்டர் கைத்திரவம் செலவாகிறது என்று கணக்குப் போட முடியும். உலகம் போடுகிறது. நம் மருத்துவமனைகளும் மாதாமாதம் அந்தக் கணக்கை வாசலில் எழுதி வைக்கட்டும். கல்வெட்டாகவே வைக்கட்டும், மந்திரி பெயரோடு.

அதுவரை நமக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து கும்பிடுகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் ஊர்ப் பச்சிளங்குழந்தை வார்டில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா?