பன்னிரண்டாயிரம் மிச்சம்

எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒரு தலைப்பு உண்டு: 'மிச்சம்'. என் மனைவியின் கையெழுத்து. அதற்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் செலவு.

2023 ஏப்ரலில் ஆரம்பித்தது. பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "மாமா, பெங்களூர்ல ஒரு அப்பாச்சி இருக்கு. கே.ஏ. ஐம்பத்தொண்ணு நம்பர். அம்பத்தெட்டுக்குத் தரான். ஓசூர்ல இதே வண்டி எழுபதுக்குக் கம்மியாக் கிடைக்காது." எழுபதில் ஐம்பத்தெட்டைக் கழித்தால் பன்னிரண்டு என்பது எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த கணக்கு அதோடு முடிந்தது என்பதுதான் பிறகு தெரிந்தது.

இடுப்பு வலிக்காரன், கண்ணாடி போட்டவன், உத்தனப்பள்ளியிலிருந்து கெலமங்கலம் வரை போய்க் காய்கறி வாங்கி வருபவன். இவனுக்கு எதற்கு அப்பாச்சி என்று மனைவி கேட்டாள். விலையைச் சொன்னேன். அவள் தம்பி கொண்டுவந்த யோசனை என்பதால் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ஒரு சலுகையை நான் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த நாள் சொர்க்கம். எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஜூஜூவாடி, ஓசூர், அப்புறம் ராயக்கோட்டை சாலை. மாநிலம் மாறிய இடத்தில் வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. தவிர, அது வெளியூர் வண்டியும் அல்ல. 1980-ல் டி.வி.எஸ். 50 உருண்டு வந்த அதே ஓசூர்த் தொழிற்சாலைச் சரக்கு. பெங்களூருக்கு வாக்கப்பட்டுப் போய்ப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண். அவளிடம் போய், 'நீ யார், எந்த ஊர், கையில் என்ன சீட்டு?' என்று யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எல்லோரும் கேட்டார்கள்.

"ஒரு வருஷம் டைம் இருக்கு மாமா" என்றான் மச்சான். அதை நம்பி ஆறு வாரம் ஊர் சுற்றினேன். ஒரு நாள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நான் கேட்காமலே சட்டம் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம், 1988. வேறு மாநில வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் நம்பர் மாற்ற வேண்டும். மச்சான் சொன்ன ஒரு வருஷம் அது. பெயர் மாற்ற வாங்கியவனுக்கு முப்பது நாள். ஆறு வாரத்தில் எத்தனை முப்பது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பெயர் மாற்ற முதலில் பெயர் யாருடையது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆர்.சி.யை அன்றுதான் படித்தேன். எனக்கு விற்றவர் பெயர் அதில் இல்லை. அவர் வேறொருவரிடம் வாங்கி, மாற்றாமலே இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். வண்டியின் சட்டப்பூர்வ உரிமையாளர் ஒரு சாஃப்ட்வேர்க்காரர், புவனேஸ்வரத்துக்குக் குடிபோய்விட்டார். பேங்க் கடனில் எடுத்த வண்டி. கடனைக் கட்டிவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் இருந்த எச்.பி. என்ற அடகுக் குறிப்பைக் கேன்சல் செய்யவில்லை. அதாவது காகிதத்தின்படி நான் ஓட்டுவது ஒரு ஒடிசாவாசியின் வண்டி, அடகு பேங்கிடம். இடையில் என் பங்கு பெட்ரோல் போடுவது மட்டும்.

எங்கள் ஊரில் மூன்று மொழி ஓடும். எதிர்வீட்டில் தெலுங்கு, பூக்கடையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் போட்டுப் பேசுவோம். உள்ளூரில் யாருக்கும் சிரமம் இல்லை. அந்தக் கன்னடத்தோடு புவனேஸ்வரத்துக்குப் போன் போட்டேன். அவர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கிலீஷில், "நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நல்ல மனிதர். கர்நாடகத்தின் என்.ஓ.சி.க்கு, அதாவது தடையில்லாச் சான்றுக்கு, ஃபார்ம் 28, பெயர் மாற்ற 29, 30 எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பேங்க் கடிதமும் ஃபார்ம் 35-ம் வாங்கித் தந்தார். சிக்கல் ஓ.டி.பி.யில். ஆன்லைனில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் ஆறு இலக்க எண் அவர் போனுக்குப் போகும். நான் தட்டும்போது அவர் மீட்டிங்கில் இருப்பார். அவர் எண்ணை அனுப்பும்போது நான் தக்காளிக் கடையில் இருப்பேன். கல்யாணத்துக்கு முன் என் மனைவிக்குக்கூட நான் இவ்வளவு 'எங்கே இருக்கீங்க?' அனுப்பியதில்லை. அவர் மகளுக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது இங்கிருந்து நான் கஷாயம் சொன்னேன். அக்கறை அல்ல, சுயநலம்.

அடுத்தது பழைய அபராதம். பெங்களூர் கேமராக்கள் என் வண்டியை எனக்கு முன்பே நன்றாக அறிந்திருந்தன. ஹெல்மெட் இல்லாமல் ஏழு தடவை, தலைக்கு ஐந்நூறு, ஆக மூவாயிரத்து ஐந்நூறு. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கர்நாடக அரசு நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தது. ஜனம் வரிசையில் நின்று கட்டியது. எனக்கு விற்றவர் அந்த வரிசையில் நிற்கவில்லை. நான் முழுசாகக் கட்டினேன். கட்டும்போது படங்களைப் பார்த்தேன். ஏழு படத்தில் மூன்றில் முன்பக்கம் ஒரு வாழைத்தார். யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

அந்த நாட்களில் இரவு தூக்கம் வராமல் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டம், 2021 கண்ணில் பட்டது. 1917-ன் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தது. ஆற்றில் ஓடும் படகை ஒரு மாநிலத்தில் பதிந்தால் நாடு முழுக்கச் செல்லும். அடுத்த மாநிலத்தில் தனி அனுமதி கேட்க வேண்டாம். மனைவியை எழுப்பிச் சொன்னேன்: "நாம மோட்டார் படகு வாங்கியிருக்கணும்." அவள் கண்ணைத் திறக்காமல், "கெலவரப்பள்ளி டேம்ல ஓட்டிட்டுப் போய் காய்கறி வாங்குவீங்களா?" என்றாள்.

கெலவரப்பள்ளி என்றதும் இன்னும் வயிறெரிந்தது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை எந்த என்.ஓ.சி.யும் இல்லாமல் நம் எல்லைக்குள் வருகிறது. பெங்களூர்ச் சாக்கடையைச் சுமந்து, நுரையைக் குன்று குன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனிடம் புகைச் சான்றிதழ் கேட்பார் இல்லை. ஏன், எங்கள் ஓசூர்ச் சீமையே அப்படி வந்ததுதானே? 1799-ல் திப்பு விழுந்ததும் மைசூரிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. சேலத்தில் இருந்தது, 1965-ல் தருமபுரி, 2004-ல் கிருஷ்ணகிரி. இத்தனை தடவை பெயர் மாறிய நிலத்தின்மேல் நின்றுகொண்டு நான் ஒரு தடவை மாற்றப் பட்ட பாடு!

என்.ஓ.சி. வந்தது. இனி இந்தப் பக்கத்து வேலை. ஃபார்ம் 27, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிக்கு ஆதாரம், அதோடு சேஸ் நம்பர்ப் பிரதி. அந்தக் கடைசிச் சமாசாரம்தான் என் வாழ்வின் ஒரே ஓவியப் படைப்பு. வண்டியின் கழுத்தில் பொறித்திருக்கும் பதினேழு எழுத்து எண்ணின்மேல் காகிதத்தை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். மெக்கானிக் நூறு ரூபாய் கேட்டார். மிச்சம் பிடிக்கும் குடும்பம் அல்லவா? மகனின் ட்ராயிங் பென்சிலை எடுத்துக்கொண்டு திண்ணையில் குந்தினேன். முதல் காகிதத்தில் கறுப்பு மட்டும் வந்தது. நான் தேய்த்தது வேறு இரும்பு. இரண்டாவதில் எழுத்து வந்தது, எண்ணினால் பதினாறு. மூன்றாவதில் பதினெட்டு. அதில் ஒன்று துரு. நாலாவது சரியாக வந்தபோது வியர்வை சொட்டி நடு எழுத்து கரைந்தது. மகன் வந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பென்சில் சின்னதாகிவிட்டதென்று புதுசுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டான். அதுவும் நோட்டில் இருக்கிறது.

ஆயுள் வரி என்று ஒன்று உண்டு. கர்நாடகத்தில் ஏற்கெனவே கட்டியாயிற்று. இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப மறுபடி கட்ட வேண்டும். வண்டிக்கு ஆயுள் ஒன்று, வரி இரண்டு. மீதி ஆயுளுக்கு உரியதை அங்கே திரும்பக் கேட்கலாம், புது ஆர்.சி.யைக் காட்டி, முதலில் பதிந்த அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து. அதுவும் என் பெயரில் கட்டியதல்ல. புவனேஸ்வரத்துக்கு மறுபடி போன் போடலாமா என்று மனைவியைக் கேட்டேன். "அவங்களும் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

இப்படி ஊர் ஊராய் மாற்றல் ஆகிறவர்களுக்காகவே 2021-ல் பி.எச். வரிசை நம்பர் வந்தது. அரசு ஊழியருக்கும், நான்கு மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிக்காரருக்கும் கிடைக்கும். எனக்கு ஒரே அலுவலகம், அதுவும் திண்ணை.

எட்டாவது மாதம் டி.என். எழுபது நம்பர் வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மனைவி நோட்டைக் கூட்டினாள். பஸ் கட்டணம், அபராதம், வரி, கூரியர், ஜெராக்ஸ், பென்சில் எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்து நானூற்றுப் பத்து. "ஓசூர்லயே வாங்கியிருந்தா ரெண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம்" என்றாள். தம்பி பெயரை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, குடித்தனம் நடக்க வேண்டும்.

இதில் எனக்குக் கிடைத்தது ஒரு பட்டம். உத்தனப்பள்ளியில் வண்டிக் காகிதம் என்றால் இப்போது என்னிடம் வருகிறார்கள். எந்த ஃபார்ம், எத்தனை காப்பி, எங்கே கையெழுத்து எல்லாம் வாய்ப்பாடு. சட்டைப் பையில் பேனாவும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து திண்ணையில் துண்டை விரித்தார். "சார், பெங்களூர்ல பழைய மோட்டார் ஒண்ணு வாங்கிட்டேன். கர்நாடகா பில்லு. இங்க ஏதாச்சும் எழுதிக் குடுக்கணுங்களா?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எச்.பி. இருக்கா?"

"இருக்குங்க. அஞ்சு எச்.பி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வண்டியின்மேல் ஐந்து கடன்! "ஐயா, மோசம் போயிட்டீங்க. ஒவ்வொரு பேங்க்லயும் ஃபார்ம் 35 வாங்கணும், ரெண்டு ரெண்டு காப்பி" என்று எழுத ஆரம்பித்தேன். பெரியவர் முகம் வெளுத்துவிட்டது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பெரியவரே, போருக்குத்தானே மோட்டாரு?"

"ஆமாம்மா, போருக்குத்தான்."

நான் பேனாவை மூடினேன்.