நாளைக்கு ஆள் வந்துடும் சார்

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி வாங்கிவிடலாம். அரசாங்கம் வேகமாகிவிட்டது. மேஸ்திரிக்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆடியில் வாசக்கால் வைக்கக் கூடாது. ஆவணியில் ஆள் கிடைக்காது. ஐப்பசியில் மழை. மார்கழியில் எதையும் ஆரம்பிக்கவே கூடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார் மாசியில் திரும்பினால் நம் அதிர்ஷ்டம். "நாளைக்கு ஆள் வந்துடும் சார்" என்பார் மேஸ்திரி. எந்த நாளைக்கு என்று கேட்பது மரியாதையில்லை.

தளம் போடுகிற அன்று மட்டும் எல்லோரும் ஆஜர், அன்றைக்குப் பிரியாணி. மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த ஒருவரும் இல்லை. முதல் ஏழு நாளாவது கான்கிரீட் காயக் கூடாது என்பதால், வீட்டுக்காரரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓஸ் பிடிக்கிறார். அப்போது பார்த்து வந்து நிற்கும் சம்பந்தி, "படிக்கட்டை ஈசானியத்துலயா வெச்சீங்க?" என்பார். மேலே கட்டியிருக்கும் பூசணிக்காய் இந்தக் கண்ணையெல்லாம் தடுக்காது.

கட்டப்போகிறவர்களே, மேஸ்திரிக்குப் பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் அடுத்த தெருவில் வேறொரு வீட்டுக்குப் பூமி பூஜை நடக்கும்.