செங்கத்துக்குப் பதினாறு சைக்கிள்

பீன்யா, பெங்களூர்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் லேத்தும் சௌக்கியம். நீங்கள், அத்தை, சைக்கிள் கடை எல்லாம் சௌக்கியம்தானே? அத்தை என்னை "வெளிநாட்டில் இருக்கிறான்" என்று ஊரில் சொல்லிக்கொள்கிறாராம். மறுக்க வேண்டாம். அத்திபள்ளி தாண்டினால் பஸ் போர்டு படிக்கத் தெரியாது, சாம்பாரில் வெல்லம் கிடக்கும். வெளிநாடு என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைக்குப் பழைய சைக்கிள் கேட்டிருந்தீர்கள். பதினாறு தேறியிருக்கிறது. இங்குள்ள அடுக்குமாடிகளின் கார் நிறுத்தும் பாதாளத்தில் சைக்கிள்கள் அநாதையாகக் கிடக்கின்றன. 2020 ஊரடங்கில் உடம்பைக் குறைக்கிறேன் என்று வாங்கியது பாதி, பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஒதுக்கியது மீதி. ஒரு குடியிருப்பின் செக்யூரிட்டி நம்ம ஊத்தங்கரைக்காரர். பழைய இரும்புக்காரன் வருவதற்கு முந்தின நாள் தகவல் சொன்னார்.

சைக்கிள் கிடைத்தது பெரிய விஷயமில்லை. அதை ஊருக்குக் கொண்டுவர எந்த வண்டி பிடிப்பது என்பதற்குத்தான் எங்கள் ஷெட்டில் டீ நேரமெல்லாம் மாநாடு நடந்தது. எங்கள் முதலாளி இதில் அனுபவஸ்தர். ஞாயிறு விடிகாலையில் காரின் முதுகில் சைக்கிளைக் கட்டி நந்திமலை அடிவாரம் வரை ஓட்டிப் போவார், அங்கே இறக்கி மிதிப்பார், மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு வருவார். மலை 1,478 மீட்டர். அவர் எத்தனை மீட்டர் ஏறுகிறார் என்று சம்பளம் வாங்குகிறவன் கேட்கக் கூடாது. கட்டின சைக்கிள் நம்பர் பிளேட்டை மறைத்தால் போலீஸ்காரர் கேட்பார் என்பது மட்டும் அவரிடமிருந்து தெரிந்தது. பதினாறு சைக்கிளைக் காரில் கட்டச் சொல்லி அவரும் யோசனை சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்.

ரயிலில் போடலாம் என்றார் ஒருவர். யஷ்வந்த்பூர் பார்சல் ஆபீஸ் பக்கம்தான். ஒவ்வொன்றுக்கும் சாக்கு சுற்றி, அட்டை கட்டி, முகவரி எழுதி அனுப்பினாலும் செங்கத்தில் ஸ்டேஷன் ஏது? திருவண்ணாமலையில் இறக்கி நீங்கள் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு வர வேண்டும். பெரிய லாரியின் ஓரத்தில் போடலாம் என்றார் இன்னொருவர். பீன்யா மேம்பாலத்தில் கேபிள் பழுது என்று 2021 டிசம்பரில் கனரக வண்டிகளை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் திறந்துவிட்டபோதும் வெள்ளிக்கிழமை மட்டும் லாரி கூடாது என்றார்கள். அத்தையைப் போல பாலமும் வெள்ளிக்கிழமை விரதம். அதைவிட, லாரிக்காரர் நம் சரக்கைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் தாங்க மாட்டேன்.

சைக்கிள் ஏற்றுவதில் எடை ஒரு பொருட்டே இல்லை, மாமா. பதினாறும் சேர்ந்தால் முந்நூறு கிலோவைத் தொடாது. இடம்தான் தின்னும். மூன்று சக்கர ஆப்பே அரை டன் இழுக்கும், ஆனால் தொட்டியில் சைக்கிளை நேராக நிறுத்தினால் பின்சக்கரம் வெளியே எட்டிப்பார்க்கும். டாட்டா ஏஸ், அதாவது நம்ம சின்ன யானை, ஏழடி நீளத்துக்கு மேல். சைக்கிள் ஆறடி. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. எல்லாம் சரிதான், அகலம் ஐந்தடி இல்லை. ஆறு ஏழு நிறுத்தினால் நிரம்பிவிடும், மீதியை மேலே அடுக்கினால் கோபுரம். அசோக் லேலண்ட் தோஸ்த் எட்டடி, அதில் வசதியாகப் போகும். ஆனால் காலியாகத் திரும்பி வருவதற்கும் சேர்த்து வாடகை கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு உங்களுக்குப் புது சைக்கிளே இரண்டு வாங்கலாம்.

கடைசியில் எந்தக் கம்பெனி வண்டி என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்த வண்டி சும்மா திரும்பிப் போகிறது என்று தேடினேன். தேங்காய் ஏற்றி வந்து யஷ்வந்த்பூர் யார்டில் இறக்கிவிட்டு, டி.என். நம்பரோடு ஒரு பொலேரோ பிக்கப் நின்றது. டிரைவர் சிங்காரப்பேட்டைக்காரர். ரிட்டன் லோடு என்பதால் பாதி வாடகை. நீளம் எட்டடிக்கு மேல், பக்கவாட்டில் கம்பித் தடுப்பு வேறு. இதைவிட உத்தமமான சைக்கிள் வண்டியை எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது.

ஏற்றும்போதுதான் வேடிக்கை. பெடல்களைக் கழற்றினால் இடம் மிச்சமாகும் என்று எங்கள் ஷெட்டின் ஒடிசாப் பையனிடம் ஸ்பேனரைக் கொடுத்தேன். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடலில் தொங்கிப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், கடவுளை எல்லாம் கூப்பிட்டான். இடது பக்க மரை எதிர்த்திசை என்று நீங்கள் என் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அப்போது பயன்பட்டது. முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, ஒன்று தலை ஒன்று வால் என்று எட்டை நிறுத்தினோம். மேலே பழைய அட்டைப்பெட்டி விரித்து மீதி எட்டைக் கியர் பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்தோம். டிஸ்க் பிரேக் உள்ள மூன்றில் பட்டைகளுக்கு நடுவில் அட்டை செருகியிருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டும்வரை யாரும் லிவரைப் பிடிக்க வேண்டாம். கட்டினது கயிறு இல்லை, கிழித்த பழைய டியூப். பெயின்ட் போகாது, உங்களுக்குப் பஞ்சர் ஒட்டவும் ஆகும்.

நைஸ் ரோடு பிடித்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நாளை விடிகாலை வந்துவிடும். பெடல்களும் நட்டுகளும் டிரைவர் சீட்டுக்கு அடியில் பால் பாக்கெட் கவரில் இருக்கின்றன, எண்ணி வாங்குங்கள். டிரைவருக்கு அத்தை கையால் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் உண்டு என்று சொல்லித்தான் இன்னும் இருநூறு குறைத்தேன். அதோடு, பாதி வாடகை என்று சொன்னேன் அல்லவா, அதில் பாதி நான் கொடுத்துவிட்டேன். மீதிப் பாதியை மாமா கொடுப்பார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்