எண்ணெய் டப்பாவைக் கீழ வை, கண்ணு

வா கண்ணு, உக்காரு. கழுத்துல என்ன, யாஷிகாவா? கறவை மாட்டு வெலை குடுத்து வாங்கிட்டேன்னு உங்கப்பன் ஊரெல்லாம் பொலம்பிட்டுத் திரியறான். சப்பான்காரன் 1970-ல விட்ட மாடலு, மேட் 124ஜி. உள்ள மீட்டருக்குக் கரண்டு போற தொடுப்புல தங்க முலாம் பூசியிருக்கான். அதை உங்கப்பங்கிட்டச் சொல்லி வையி. கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

சரி, ஒரு ரோலு முழுக்க எடுத்தியாமா? கழுவிப் பாத்தா பன்னண்டு கட்டத்துல பாதி வெறுமையாக் கெடக்குது, மிச்சம் கன்னங்கரேல்னு கெடக்குதாமா? சிரிக்கல சாமி, இருமல் வந்துருச்சு. ஷட்டர் தொறக்காம நின்னுருந்தா நெகட்டிவ் வெறுமை. தொறந்தது மூடாம நின்னுருந்தா நெகட்டிவ் கருப்பு. ரெண்டுக்கும் ஒரே நோவுதான்.

இந்த ரெட்டைக் கண்ணுக் கேமராவுல ஒரு கூத்து இருக்குது. மேல் லென்ஸ்ல நீ பாக்கறே. கீழ் லென்ஸ்தான் படம் புடிக்குது. ஷட்டரும் கீழதான் குடியிருக்குது. அது குறட்டை விட்டுத் தூங்குனாலும் மேல புள்ளைக லட்சணமாத்தான் தெரிவாங்க. நீயும் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு "லைட்டு பிரமாதம்"னு சொல்லியிருப்பே. சொன்னியா இல்லையா?

ஃபிலிமுக்கு ஒரு ஆத்மா இருக்குன்னு போன வாரம் எனக்குப் பாடம் நடத்துனே. இருக்கட்டும். அந்த ஆத்மாவைக் கழுவி, ஸ்கேன் பண்ணி, கடைசியா எங்க போடறே? போன்லதான? அந்தப் போன்லயே ஃபிலிமாட்டப் பொரி பொரியாத் தெரிய வெக்க ஒரு பித்தானும் இருக்குதாமே? போச்சாது போ, ஆசைப்பட்டுட்டே.

ஊட்டில ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்காரங்க 1967-ல இருந்து ஃபிலிம் போட்டாங்க. 'இந்து'ன்னு பேரு. அன்னிக்கு ஸ்டுடியோக்காரருக்கு ஒரு கட்டம் வீணாப் போனாலும் சோறு எறங்காது. அதனால கலியாணத்துக்குப் போறதுக்கு முந்தின நாளே பின்மூடியத் தொறந்து, வெளிச்சத்துப் பக்கம் தூக்கிப் புடிச்சு, ஒவ்வொரு வேகமா 'டிக் டிக்'னு அமுக்கிப் பாத்துருவாரு. நீ ரோல் போடறதுக்கு முன்னால பாத்தியா? பெட்டியப் பிரிக்கறதை வீடியோ எடுத்தே. ஷட்டரைப் பாக்கல.

இப்ப அந்தக் கையில என்ன? தையல் மெஷின் எண்ணெயா? கீழ வை. மொதல்ல கீழ வை.

கிறீச்சுனு கத்தற கதவுக்கு எண்ணெய் போடு, கெணத்து ராட்டைக்குப் போடு. ஷட்டருக்கு மட்டும் போடாத. உள்ள மெல்லிசுத் தகடுக ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடக்குது. அது பொட்டு எண்ணெயில்லாமக் காஞ்சே இருக்கோணும். நெம்ப வருசம் பீரோவுல கெடந்தா பக்கத்துல போட்ட எண்ணெயும் கிரீஸும் இளகி மெதுவாத் தகட்டு மேல ஏறிக்கும். அப்பறம் நமுத்த அப்பளமாட்ட ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நீ அதும்மேல இன்னுங் கொஞ்சம் ஊத்த வந்திருக்கே. துரு விடறதுக்கு அடிக்கற ஸ்ப்ரே டப்பாவையும் தூக்கிட்டு வந்தியாமே? நல்லவேளை, உங்கம்மா புடுங்கி வெச்சுட்டா.

தகட்டைத் தொடைக்கோணும்னா கீழ இருக்கற முன் லென்ஸைக் களட்டோணும். அதுக்குன்னு சீமையில இருந்து ரப்பர் வளையம் வரவழைக்கறேங்கறே. வெண்ணெயைக் கையில வெச்சுட்டு நெய்க்கு அலையற சாதி நீ. என்ற ஊனுகோலு அடியில பாரு, ரப்பர் குப்பி. அதைக் களட்டி, நல்லாக் கழுவித் தொடைச்சு, குழிப்பக்கம் லென்ஸு வளையத்து மேல பதியற மாதிரி வெச்சு, இடப்பக்கமாத் திருகு. ரப்பர் கண்ணாடியத் தொடாது, விளிம்பை மட்டும் புடிச்சுக்கும். வேலை முடிஞ்சதும் ஊனுகோலுக்குத் திருப்பி மாட்டிக் குடுத்துரு. வழுக்கி உழுந்தா உன்னைத்தான் கூப்புடுவேன்.

முன் லென்ஸு வந்ததும் தகடு கண்ணுக்குத் தெரியும். மேல எண்ணெய்ப் பளபளப்பு மின்னுதா? அதுதான் திருடன். சிகரெட் லைட்டருக்கு ஊத்தற பெட்ரோலு வாங்கிக்க. காது குடையற பஞ்சுக் குச்சியில ஒரு சொட்டு. ஊத்தாத, தொட்டு வை. தொடைச்சு எடு, அமுக்கு, தொறந்து மூடட்டும், மறுக்காத் தொடை. குச்சி கருப்பா வந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுக் குச்சி எடு. சுத்தமா வர்ற வரைக்கும் இதே சோலிதான். நெறைய ஊத்துனா கரைஞ்ச எண்ணெயே ஓடி, காஞ்சதும் மறுபடி தகட்டுலயே உக்காந்துக்கும். அப்பறம் ஷட்டர் ராசியில்லைன்னு சோசியங்கிட்டப் போவே. சன்னலைத் தொறந்து வை. பீடி குடிக்கற உங்க சித்தப்பனைச் சித்த நேரம் வெளிய அனுப்பு.

தகடு சுத்தமாகியும் ஒரு செகண்டு, அரை செகண்டுல மட்டும் இழுத்துக்கிட்டு நிக்குதா? அப்ப வேற எடத்துல கோளாறு. மெது வேகத்துக்கு உள்ள பல்லுச் சக்கரம் இருக்குது, கடியாரத்துல இருக்கற சமாச்சாரமேதான். ஓடறப்ப 'ர்ர்ர்'னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தேஞ்சு நின்னுச்சுன்னா அங்கயும் கிரீஸு கெட்டியாயிருச்சுன்னு அர்த்தம். அதுல நீ கை வெக்காத. ஒரு ஸ்பிரிங்கு தெறிச்சு ஓடுனா ஊடு பூரா வெளக்கமாத்துல கூட்டித் தேடோணும். பழைய ஆளு, கேமரா மெக்கானிக்கோ கை சுத்தமான வாட்சு ரிப்பேர்காரரோ, கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டுப் பாத்துக்குவாரு. கூலி கேட்டா பேரம் பேசாமக் குடு. மாட்டு வெலை குடுத்தவனுக்குக் கன்னுக்குட்டிக்குத் தீவனம் போட வலிக்குதா?

காஞ்சதுக்கப்பறம் ஒரு செகண்டுல வெச்சு அமுக்கு. அந்தச் சத்தத்தை உன்ற போன்ல ரிக்கார்டு பண்ணி, தொறந்த சத்தத்துக்கும் மூடுன சத்தத்துக்கும் நடுவுல எத்தனை நேரம்னு பாரு. ஆமா, போன்லதான். அதுக்குப் போன் ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? அப்பறம் 500 வரைக்கும் ஒவ்வொண்ணா ஓட்டு. வாரம் ஒருக்காவாவது ரோல் இல்லாமயே ஓட்டிட்டு இரு. கண்ணாடிப் பொட்டியில வெச்சுப் பூட்டுனா மறுபடி ஒட்டிக்கும்.

இன்னொண்ணு. பக்கத்துல செல்ஃப் டைமர்னு ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். அதைத் தொடாத. பழசுல அது நடுவழியில நின்னுக்கிட்டு ஷட்டரையும் சேத்துப் புடிச்சுக்கும். உன்னை நீயே படம் புடிச்சுக்கத்தான் பாக்கெட்டுல போன் இருக்குதே, அப்பறமென்ன?