குறுந்தேர் இலக்கணம்: மின்கலப் படலமும் சேற்றுப் படலமும்

பிளாஸ்டிக் டாங்கியை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, பிறகு வேண்டுமென்றே அழுக்காக்கும் கலைக்குத் தமிழில் முறையான இலக்கணம் இல்லை. அக்குறை தீர யாமே ஒரு நூற்பா யாத்து, உரையும் யாமே வரைகின்றோம்.

"முப்பத் தைந்தில் ஒருபங் காகி
ஒப்பனைச் சேற்றில் உழல்வது குறுந்தேர்."

முப்பத்தைந்து என்றது என்னை? 48, 72 என்ற அளவுகளுக்காவது ஓரடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்ற குலப்பெருமை உண்டு. 35-க்கு அதுவும் இல்லை. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரிலுள்ள டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாக வடித்தது. அதன் வயிற்றுக்குள் பருத்த பேட்டரி இரண்டு படுத்தாக வேண்டும். படுக்க இடம்விட்டு உடலை அமைத்துவிட்டுப் பின்னால் அளந்தபோது, அது அசலில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்ததாம். நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு டாமியா தாமே சொன்ன செய்தி இது. பின்வந்தோர் பேட்டரியைக் கழற்றினர், எண்ணைக் கழற்றவில்லை. இன்று ஒரு திருகாணித் தலை அரை மில்லிமீட்டர் பெருத்துவிட்டதென்று சண்டையிடும் அன்பர்கள் எல்லாரும் அந்த இரண்டு பேட்டரிகளின் வழித்தோன்றல்களே.

எடையைப் பற்றி மட்டும் இவர்கள் மூச்சு விடுவதில்லை. நீள அகல உயரம் மூன்றும் 35 மடங்கு சுருங்கினால் பருமன் 42,875 மடங்கு சுருங்கும். பாந்தர் ஏறத்தாழ 45 டன். வகுத்தால் ஒரு கிலோவும் சொச்சமும். பெட்டியில் வருவது அவ்வளவு தேறாது.

இனி நிறம். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை, சாம்பலை விட்டு அடர்மஞ்சளுக்கு மாற ஆணையிட்டது. அது எந்த மஞ்சள் என்பதில் அன்பர்களிடையே பேச்சுவார்த்தை நின்றுபோன இல்லங்கள் உண்டு. களத்துக்கு வண்ணம் பசையாகச் சென்றது. கிடைத்த தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அடித்தார்கள். கரைத்த கைக்குத் தக்க நிறம். ஆகவே எல்லாரும் சரி என்க. இம்முடிபு ஒருவருக்கும் உவப்பன்று. அடுத்தவர் தவறு என்பதிலன்றோ இன்பம்.

சேற்றுப் படலமே இந்நூலின் உயிர். பாந்தரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுக்கடுக்காய் நிற்பவை. உள்வரிசை, ஒட்டியபின் எவர் கண்ணுக்கும் படாது; ஆயினும் அதன் ரப்பர் விளிம்புக்கும் கறுப்புத் தீட்டாதவனுக்கு உறக்கம் வாராது. ரஷ்யக் குளிரில் இந்த இடுக்குகளில் புகுந்த சேறு இரவோடிரவாக உறைந்து இறுகும். விடிந்தால் வண்டி நகராது. டாங்கியில் இருந்தவன் உயிருக்குப் பயந்து அதைச் சுரண்டி எடுத்தான். நம்மவனோ அதே சேற்றைப் பொடியாகப் புட்டியில் விலைக்கு வாங்கி, ஊசிமுனைத் தூரிகையால் அதே இடுக்கில் திணிக்கிறான். அதற்கு முன் மனைவியின் ஹேர் ஸ்ப்ரேயை அடித்து, அதன்மேல் வண்ணம் பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்து உரித்துப் பழமை ஏற்றியும் ஆயிற்று. ஸ்ப்ரே வேகமாகத் தீர்வது குறித்த விசாரணை தனி நூலாகும்.

அழுக்கிலும் தகுந்தது, தகாதது உண்டு. ஈர வண்ணத்தில் பதிந்த விரல்ரேகை தகாது. ரேகைகளின் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் அசலில் பதினேழு மில்லிமீட்டருக்கு மேல். அப்படிக் கைநாட்டு வைத்தவன் அறுபது மீட்டர் உயரம் இருந்திருக்க வேண்டும். அத்தகையோர் எந்தப் படையிலும் பணியாற்றியதாகச் சான்றில்லை.

அஃதேல், அலமாரியில் தானாகப் படியும் வீட்டுப் புழுதி, காசு செலவில்லாத ஒப்பனை ஆகாதோ எனின், ஆகாது. அது முழு அளவுப் புழுதி. முப்பத்தைந்து மடங்கு பெரிது. மென்தூரிகையால் அதை அகற்றுக. அகற்றுகையில், விலைக்கு வாங்கி ஒட்டிய புழுதி உதிராமல் காக்க.