சைவம் முன்னால், சர்க்கரை பின்னால்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்க வேண்டும் என்பது நம் ஊரில் சட்டத்துக்கு நிகரான சம்பிரதாயம். படுத்திருப்பவருக்குச் சுகர் உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆரோக்கிய பானம் என்றால் ஆரோக்கியம்தானே!

2024 ஏப்ரலில் தில்லிக்கு ஞானோதயம் பிறந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒன்றே கிடையாதாம். 2006இல் போட்ட சட்டத்தைப் படித்து முடிக்க 18 வருஷம்! இந்தத் தலைப்பின் கீழ் எதையும் விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு வர்த்தக அமைச்சகம் சொன்னது. ஹார்லிக்ஸும் சமர்த்தாக 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்' என்ற வகைக்கு மாறிக்கொண்டது. பெயருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. சர்க்கரை மட்டும் பழைய இடத்திலேயே பணியைத் தொடர்கிறது.

அதே மாதம் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு, நெஸ்லேயின் குழந்தை உணவான செரலாக்கைச் சோதித்துப் பார்த்துச் சொன்னது: இந்தியக் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சேர்த்த சர்க்கரை; ஜெர்மனி, பிரிட்டன் குழந்தைகளுக்கு அது இல்லை. உள்ளூர் விதிப்படிதான் செய்கிறோம் என்றது நெஸ்லே. நிஜம்தான். நம் விதிகளின் மனசு அவ்வளவு விசாலம்.

கம்பெனிகளைக் கேட்டால், "தேர்வு உங்களுடையது, லேபிளைப் படித்து வாங்குங்கள்" என்பார்கள். படிப்போம். பிஸ்கட் பொட்டலத்தின் முன்பக்கம் கோதுமைக் கதிர் தலையாட்டுகிறது. திருப்பினால், மடிப்புக்குள் ஒளிந்த எறும்பெழுத்தில் முதல் ஆள் மைதா, பிறகு பாமாயில். எடை கூடியது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதனால்தான் சர்க்கரை ஒரே ஆளாக வராமல் லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று பங்காளிகளாகப் பிரிந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி கடையின் குண்டு பல்பு வெளிச்சத்தில், ஒரு தாய் இதையெல்லாம் ஆராய்ந்து தேர்வு செய்ய வேண்டுமாம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அத்தனை பேரும் லேபிள் படிக்காத அசடுகளா?

முன்பக்கம் அடையாளம் போட நமக்குத் தெரியாமலில்லை. உள்ளே இருப்பது சைவமா என்று சொல்லப் பச்சைப் புள்ளி உண்டு. ஆசாரம் கெடுமா என்பது முன்னால். ஆயுள் கெடுமா என்பது பின்னால்! 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. எச்சரிக்கை போடலாம் என்றா? இல்லை, நட்சத்திரம் போடலாமாம். எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் நிச்சயம். கொஞ்சம் பருப்பு, பழம், நார்ச்சத்து கலந்தால் மதிப்பெண் ஏறும். பரீட்சைக்கு வந்தாலே பாஸ் என்பது இதுதான்.

சிலி நாடு 2016இலேயே, சர்க்கரையோ உப்போ கொழுப்போ எல்லை மீறிய பொட்டலத்தின் முகத்தில் கறுப்பு எண்கோணத்தை அறைந்தது. அவற்றிலிருந்த கார்ட்டூன் பொம்மைகளையும் துரத்தியது. அதற்குப் பின், எச்சரிக்கை பெற்ற பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. கம்பெனிகள் பயப்படுவது இந்தக் கால்பங்குக்குத்தான்.

நட்சத்திரங்களை சினிமாக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். 'இதில் சர்க்கரை அதிகம்' என்று முன்பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். தேர்வைப் பற்றி அப்புறம் எங்களுக்குப் பாடம் எடுக்கலாம்.